கையில இருந்தா உன்னுது

எங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையில் அந்தப் பச்சைக் கோட்டு என் கையை விட்டு இறங்கியிருந்தது அரை நிமிஷம்கூட இருக்காது. ஃபோன் அடித்தது, பையில் கை விட வேண்டியிருந்தது, கோட்டைத் திரும்பவும் கொக்கியில் மாட்டினேன். "அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. கோட்டு பில் வரிசையில் நிற்கிறது, வேறொரு அம்மாவின் தோளில்.

முழுக் கம்பளி. உள்ளே பட்டு மாதிரி லைனிங். கொம்புப் பொத்தான். விலைச்சீட்டில் 180 ரூபாய். நான் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கல்லாவில் இருந்த அக்கா கவனித்துவிட்டார். "இங்க ஒரே சட்டம்தான் கண்ணு. கையில இருந்தா உன்னுது, கீழ வச்சா ஊருது" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

இது நடந்து ஆறேழு வருஷம் இருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கடையில் நான் ஃபோன் எடுத்ததே இல்லை.

கடை குன்னூரில். பெயர் வேண்டாம், ஏற்கெனவே கூட்டம் தாங்கவில்லை. பழைய ஹால் ஒன்றில் வாரத்துக்கு இரண்டு நாள் திறக்கிறார்கள். ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கும் பழைய துணி, பாத்திரம், மேசை நாற்காலி, புத்தகம் எல்லாவற்றையும் விலை போட்டு விற்று, வரும் காசை மருத்துவச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கொடுக்கிறார்கள். பத்து மணிக்குத் திறப்பார்கள். ஒன்பதேகாலுக்கே வரிசை நிற்கும். தேயிலைத் தோட்டத்து அக்காக்கள், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்தினர், ரிடையர் ஆகி இங்கே வந்து குடியேறிய சென்னைக்காரர்கள், இப்போது புதிதாகக் கோயம்புத்தூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வரும் இளசுகள். வரிசையில் எல்லோரும் நல்லவர்கள். கதவு திறந்த பிறகு யாரும் நல்லவர்கள் இல்லை.

இந்த மாதிரி ஒரு கடைக்கு இப்படிச் சரக்கு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்தில் வெலிங்டன். அங்கே 1950 முதல் ராணுவ அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் நானூறுக்கு மேற்பட்ட அதிகாரிகள், பெரும்பாலும் குடும்பத்தோடு, ஜூன் வாக்கில் வந்து இறங்குகிறார்கள். வந்த வாரமே குளிர் தாங்காமல் ஹீட்டர், ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை, பிள்ளைகளுக்கு ஜாக்கெட், ரப்பர் பூட்ஸ் எல்லாம் வாங்குகிறார்கள். ஏப்ரலில் படிப்பு முடிந்ததும் ராஜஸ்தானுக்கோ விசாகப்பட்டினத்துக்கோ போஸ்டிங். ரஜாயை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? லாரியில் ஏற்ற முடியாததெல்லாம் இந்த ஹாலுக்கு வந்து சேரும். போதாக்குறைக்கு நட்பு நாடுகளிலிருந்து படிக்க வருகிற அதிகாரிகளும் உண்டு. அதனால்தான் நம் ஊர் ஹாலில் எந்த நாட்டுச் சட்டை என்றே தெரியாத சட்டையெல்லாம் தொங்குகிறது.

ஆக, ஏப்ரல் மாதம்தான் அறுவடை. இன்னொன்று, அது அக்டோபர், நவம்பரைவிடக் காய்ந்த மாதம். குன்னூருக்கு மழை அதிகம் கொட்டுவது வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்தச் சமயத்தில் கடையில் உள்ள எல்லாத் துணியும் ஒரே ஈர வாடை அடிக்கும். எது வெறும் ஈரம், எது உள்ளே பூஞ்சை பிடித்து நாறுவது என்று மூக்கால் பிரிக்க முடியாது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போனால், நாறுவது எதுவோ அது மட்டும்தான் நாறும். ஊட்டியில் கணக்கு வேறு. அங்கே ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. நான் சொல்வது எங்கள் ஊருக்கு.

போவதற்கு முன் உடுப்பைக் கவனியுங்கள். டிரையல் ரூம் கிடையாது, இருந்தாலும் அதன் முன் இருபது பேர் நிற்பார்கள். மெல்லிய முழுக்கைச் சட்டை, லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு போனால் எதையும் மேலேயே மாட்டிப் பார்த்துவிடலாம். தோட்டத்து அக்காக்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. புடவை மேலேயே ஆண்கள் கோட்டைப் போட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்து, "கொழுந்து கிள்ளுறப்ப கை ஓடுமா" என்று மட்டும் பார்த்து எடுத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அதைவிடச் சரியான சோதனை கிடையாது. கண்ணாடி முன் நின்று வயிற்றை உள்ளிழுத்துப் பார்ப்பதைவிடக் கையை நீட்டிப் பார்ப்பது மேல். கையை நீட்டும்போது முதுகில் இழுத்தால் அந்தக் கோட்டு உங்களுடையது இல்லை.

அப்புறம் இரண்டு பெரிய துணிப்பை, ஒரு இன்ச் டேப், சில்லறை. நீலகிரியில் பிளாஸ்டிக் பை தடை ஆகி வருஷக்கணக்காகிறது, கடையில் பை கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். இன்ச் டேப் எதற்கு என்றால், சீட்டில் போட்டிருக்கும் சைஸை நம்பவே முடியாது. இங்கிலாந்து 12 வேறு, அமெரிக்க 12 வேறு. சில ஜாக்கெட்டில் 95, 100, 105 என்று இருக்கும். அது கொரிய அளவு, மார்புச் சுற்றளவு சென்டிமீட்டரில். வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு ஸ்வெட்டரைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் எத்தனை அங்குலம், தோளுக்குத் தோள் எத்தனை என்று அளந்து ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தோள் அளவு முக்கியம். கை நீளத்தை டெய்லர் குறைத்துத் தருவார், இடுப்பைப் பிடித்துத் தருவார். தோளைப் பிரிக்கச் சொன்னால், "புதுசு வாங்கிக்கங்கக்கா, அது சீப்பு" என்பார். எங்கள் தெரு டெய்லர் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் வாசலுக்கு நேரே இருக்கும் மேசையில் விழுவார்கள். விழட்டும். அங்கே இருப்பது போன வாரம் விற்காமல் நின்றவை. புதிதாக வந்தவை பின்பக்கச் சுவரோரம் தொங்கும். நான் நேரே அங்கே போவேன். கண்ணால் தேடமாட்டேன், கையால் தேடுவேன். வரிசையாகத் தொங்கும் துணிகளின் தோள்களை விரலால் தடவிக்கொண்டே நடந்தால், கம்பளி தானாகக் கையை நிறுத்தும். செயற்கை நூல் லேசாக, வழுக்கலாக, கொஞ்சம் கீச்சென்று இருக்கும். கம்பளிக்குக் கனம் உண்டு, ஒரு சொரசொரப்பு உண்டு, தொட்ட இடம் சீக்கிரம் சூடாகும். ஒரு மாதம் பழகினால் கை கற்றுக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் உள்தையலில் ஒரு நூலைப் பிரித்து வீட்டில் கொளுத்திப் பார்க்கலாம். கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம், நசுக்கினால் பொடியாகும் சாம்பல். அக்ரிலிக் உருகிக் கெட்டி உருண்டையாகிவிடும். வீட்டில் என்று சொன்னேன். கடையிலேயே லைட்டர் எடுத்த ஒரு அண்ணனை எல்லோரும் சேர்ந்து வெளியே அனுப்பினோம்.

பிடித்த எதையும் முதலில் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி அப்புறம். கை நிறைந்ததும் ஜன்னலுக்குப் போய்விடுங்கள். ஹாலில் ட்யூப்லைட் வெளிச்சம் எல்லாவற்றையும் நல்லதாகக் காட்டும். ஜன்னல் வெளிச்சம்தான் உண்மை சொல்லும்.

ஒரு கோட்டை நான் எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். முதலில் துணியை ஜன்னலுக்கு எதிராகத் தூக்கிப் பிடிப்பேன். அந்துப்பூச்சி அரித்த ஓட்டைகள் வானத்து நட்சத்திரம் மாதிரி தெரியும். காலருக்கு அடியில், மடிப்புக்குள், பாக்கெட் மூடிக்குக் கீழே கட்டாயம் பார்க்க வேண்டும். இருட்டான, யாரும் தொடாத இடம்தான் பூச்சிக்குப் பிடிக்கும். ஒன்றிரண்டு ஓட்டையென்றால் இழையெடுத்துத் தைத்துவிடலாம். சின்னச் சின்னதாக வெள்ளைக் கூடு ஒட்டியிருந்தால் அதைத் தொட்ட கையோடு வைத்துவிட்டு வந்துவிடுவேன். அதைத்தான் வீட்டுக்குள் விடக்கூடாது. அடுத்தது அக்குள். லைனிங் நிறம் மாறி விறைப்பாக இருந்தால் வியர்வை ஊறியது, போகாது. கைமடிப்பின் ஓரம், காலரின் பின்பக்கம், பொத்தான் காஜா. ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்குவேன்; ரன்னர் மட்டும் தேய்ந்திருந்தால் இருபது முப்பது ரூபாய் வேலை, பல் போயிருந்தால் ஜிப்பையே மாற்ற வேண்டும். கடைசியாக ஸ்வெட்டர் என்றால் இரண்டு கையாலும் லேசாக இழுப்பேன். நீளாமல் அட்டை மாதிரி தடித்து நின்றால், யாரோ வெந்நீரில் துவைத்துச் சுருக்கிவிட்டார்கள். அதை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. டீ கோப்பைக்குத் துணி விரிப்பாக வெட்டிக்கொள்ளலாம்.

இத்தனையும் இரண்டு நிமிஷத்தில் முடிய வேண்டும். பின்னால் ஆள் நிற்பார்.

நான் ஏமாந்த கதையும் சொல்ல வேண்டும் இல்லையா. ஒரு ஏப்ரலில் டிரெக்கிங் ஷூ ஒன்று கிடைத்தது. அசல் பிராண்ட், மேல்தோலில் ஒரு கீறல் இல்லை, அடியில் பற்கள்கூடத் தேயவில்லை. 250 ரூபாய். வீட்டில் காட்டி அரைமணி நேரம் பெருமை பேசினேன். இரண்டு வாரம் கழித்து, பக்கத்து மலைமேல் இருக்கும் ட்ரூக் கோட்டைக்கு நடந்தோம். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது இடது காலில் ஏதோ வாய் திறந்தது மாதிரி இருந்தது. அடிப்பாகம் முழுசாகக் கழன்று, ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்து பின்னால் வருகிறது. கொஞ்ச நேரத்தில் வலதும். துப்பட்டாவைக் கிழித்துக் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டம் வரைக்கும் இறங்கி வந்தேன். அந்தப் படத்தை எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் இன்னும் அழிக்கவில்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. இந்த ஷூக்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்கிற நுரைப் பொருள். காற்றில் உள்ள ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டே இருக்கும். போட்டு நடந்தாலும் சரி, அலமாரியில் வைத்திருந்தாலும் சரி, சில வருஷங்களில் அது உதிர்ந்துவிடும். தேயாமல் புதுசாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டதுதான் தப்பு; புதுசாக இருக்கிறது என்றால் ஈரமான வீட்டில் எத்தனையோ வருஷம் சும்மா கிடந்திருக்கிறது. இப்போதெல்லாம் ஷூ எடுத்தால் அடிப்பாகத்தின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்துவேன். தழும்பு விழுந்து மேலே எழாமல் நின்றாலோ, பிசுபிசுத்தாலோ வேண்டாம். மழைக்கோட்டுக்கும் இதேதான். உட்பக்கப் பூச்சு வெள்ளையாகப் பொரிந்து உதிர்கிறதா, மடித்த இடம் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மின்சாரச் சாமானில் நான் துணிச்சல்காரி இல்லை. ஹீட்டரை எடுத்தால் கடையிலேயே பிளக் போட்டுக் காட்டச் சொல்வேன், அவர்களும் காட்டுவார்கள். காட்டமாட்டேன் என்றால் வாங்கவே வேண்டாம். வெளிநாட்டுச் சாமான் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 110 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் ஊர் 230-ல் சொருகிய மறு நொடி புகை. 2000 வாட் ஹீட்டரை வாங்கிப் போய் வீட்டில் சாதாரணச் சின்ன பிளக்கில் சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். தடித்த பின் உள்ள பவர் பாயின்ட் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

பீங்கான் கோப்பையை விரலால் சுண்டினால் போதும். மணி மாதிரி நீண்டு ஒலித்தால் நல்லது, டொக் என்று அடங்கினால் எங்கோ மயிரிழை விரிசல். குக்கருக்கு மூடி அதே குக்கருடையதுதானா என்று பூட்டிப் பாருங்கள். அவ்வளவுதான்.

கண்ணாடி அலமாரியில் அவ்வப்போது பழைய ஃபிலிம் கேமராக்கள் வரும். போன வருஷம் ஒன்றோடு 'இந்து' ஃபிலிம் டப்பாவும் வந்தது, ஊட்டி இந்துநகரில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு. எங்கள் அப்பா தலைமுறைக்கு அந்த டப்பாவைப் பார்த்தால் கண் கலங்கும், அந்தத் தொழிற்சாலை அத்தனை வீடுகளுக்குச் சோறு போட்டது. கலங்கட்டும், ஆனால் லென்ஸைப் பாருங்கள். ஃபோன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரியும். பூஞ்சை. மலையில் கேமராவைத் தோல் உறைக்குள் வைத்து மூடினால் வருவது. அலங்காரத்துக்கு வாங்குங்கள், படம் எடுக்க வேண்டாம்.

ஒரே ஒரு முறை எனக்கு அடித்த அதிர்ஷ்டம் பெட்ஷீட் குவியலில். அடியில் ஏதோ முரட்டு வெள்ளைத் துணி, ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டை. இழுத்துப் பார்த்தால் தோடர் பூத்தையல் போட்ட போர்வை. இந்தத் தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு மெஷினில் அதே மாதிரி போட்டு விற்பதும் கூடிவிட்டது. அதனால் திருப்பிப் பார்க்க வேண்டும். தோடர் பெண்கள் படம் வரைந்து வைத்துக்கொண்டு தைப்பதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். அதில் நாம் அடிப்பக்கம் என்று நினைக்கும் முரட்டுப் பக்கத்தைத்தான் அவர்கள் மேல்பக்கமாக வைக்கிறார்கள். மெஷின் தையலின் பின்பக்கம் நூல் பாய்ந்து கிடக்கும், யாருக்கும் காட்டவே முடியாது. என் கையில் இருந்தது இரண்டு பக்கமும் பார்க்கும்படி இருந்தது. கல்லாவில் வைத்தபோது விலைச்சீட்டு 60 ரூபாய். "அக்கா, இது தோடர் வேலை, தெரியாம போட்டுட்டீங்க" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்று இரவு தூக்கம் வந்திருக்காது என்பது வேறு விஷயம். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு 600 என்று திருத்தினார். கொடுத்தேன். கொஞ்சம் வயிறு எரிந்தது.

இந்த ஹாலில் பேரம் பேசக்கூடாது. அது ஒரு நாகரிகம். ஊட்டி மார்க்கெட் பக்கம் நடைபாதையில் குவித்துப் போடுகிறார்களே, அங்கே பேசலாம், பேசத்தான் வேண்டும். அங்கேயும் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். மூன்று நான்காகச் சேர்த்து, "மொத்தமா எவ்வளவுண்ணே, பாத்துப் போட்டுக் குடுங்க" என்றால்தான் அவருக்கும் இறங்க மனசு வரும். மூட்டை பிரிக்கிற நாள் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலையில் போனால் நல்லது கிடைக்கும், மாலையில் போனால் விலை குறையும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

ஒரு வருத்தம். இரண்டு மூன்று வருஷமாகச் சிலர் வந்து குழந்தைகள் ஸ்வெட்டரை அள்ளு அள்ளு என்று அள்ளிப் போகிறார்கள். சலவை செய்து, படம் எடுத்து, இன்ஸ்டாகிராமில் 'விண்டேஜ்' என்று போட்டு நானூறு ஐநூறுக்கு விற்கிறார்கள். வியாபாரம் தப்பில்லை. கோட்டோ கேமராவோ அள்ளுங்கள், எனக்குப் போட்டி, அவ்வளவுதான். ஆனால் டிசம்பரில் ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது காலை எட்டு மணிக்குப் பள்ளிப் பேருந்துக்கு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த 30 ரூபாய் ஸ்வெட்டர் அவர்களுக்காகத்தான் 30 ரூபாய். போன டிசம்பரில் கடை அக்கா, ஆளுக்கு மூன்று குழந்தைத் துணிதான் என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டார். சண்டை வந்தது. அட்டை இன்னும் தொங்குகிறது.

வாங்கியதை நேரே பீரோவில் வைக்காதீர்கள். கம்பளி எதுவானாலும் ஒரு கவரில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம். துணியைத் தின்பது அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. மைனஸ் 18-ல் ஒரு வாரம் கிடந்தால் முட்டையும் புழுவும் சாகும். எங்கள் வீட்டில் ஃப்ரீசர் யாருடையது என்பதில் எனக்கும் மாமியாருக்கும் தீராத வழக்கு. மத்தி மீனுக்குப் பக்கத்தில் ஒரு ராணுவ ஸ்வெட்டர் கிடப்பதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. அப்புறம் தண்ணீரில், வெந்நீரில் இல்லை, கொஞ்சம் ஷாம்பூவும் நாலைந்து சொட்டு நீலகிரித் தைலமும் விட்டு ஊறவைத்து அலசுங்கள். முறுக்கிப் பிழியக்கூடாது. துண்டில் சுருட்டி அமுக்கி, தட்டையாகக் காயப்போடுங்கள். தொங்கவிட்டால் நீண்டுகொண்டே போகும். நவம்பரில் துவைத்தீர்களானால் காய நாலு நாள் ஆகும். அதனால்தான் ஏப்ரல் என்றேன்.

இந்த ஏப்ரலுக்கும் நான் ஒன்பதுக்கே வரிசையில் இருப்பேன். நீங்கள் வந்தால் பாத்திர மேசை, புத்தக அலமாரி, ஷூ எல்லாம் தாராளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். பின்சுவர்க் கம்பளி வரிசையில் இடமிருந்து முதல் பத்து அடி மட்டும் என்னுடையது. பச்சைக் கோட்டு எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள். அந்த அம்மா ரிடையர் ஆகி மகன் வீட்டுக்குப் போகப்போகிறார் என்று கேள்வி.